பத்து வருட வாரண்டியில் சேராத பாகம்: வாஷிங் மெஷின் ஸ்பைடர் மாற்றிய அனுபவம்

மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் மறுபடி 1000 சுற்று வேகத்தில் ஓடியது. மூடியின் மேல் ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்திருந்தேன். தண்ணீர் நடுங்கியதே தவிர சிந்தவில்லை. 57 நாளாகக் கையால் துவைத்த வீடு என்பதால் அந்தச் சத்தத்தைக் கேட்க எல்லோரும் பின்கட்டுக்கு வந்து நின்றார்கள்.

உடைந்துபோன ஸ்பைடரை, அதாவது டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் பாகத்தை, நானே எப்படி மாற்றினேன், எங்கே தப்பு பண்ணினேன், எவ்வளவு செலவானது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். கம்பெனி எப்படிக் கைகழுவியது என்பதும் நடுநடுவே வரும். அதைத் தனியாகப் பிரித்து எழுத முடியவில்லை, ஏனென்றால் நான் செய்த வேலையில் பாதி அவர்கள் சொல்ல மறுத்த காரணத்தைத் தேடிய வேலைதான்.

மெஷின் 7 கிலோ, முன்பக்கக் கதவு வகை. 2019 ஆடித் தள்ளுபடியில் கோவையில் வாங்கினோம், விலை 28,900 ரூபாய். கதவுக்குப் பக்கத்தில் ‘10 வருட வாரண்டி’ என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். அதன் கீழே பொடி எழுத்தில் ‘மோட்டாருக்கு மட்டும்’ என்று இருந்தது. மெஷினுக்கு முழு வாரண்டி 2 வருடம். கடையில் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். மோட்டாருக்கே 10 வருடம் தருகிறார்கள் என்றால் மற்றதெல்லாம் அதைவிட உறுதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஜனவரி 20, பொங்கல் முடிந்த சனிக்கிழமை. போர்வைகள் போட்டிருந்தோம். பிழியும் கட்டத்தில் ‘கடக் கடக்’ என்று ஒரு அடி, பிறகு மெஷின் நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்தது. எடை சமமாக இல்லை என்ற பிழைக் குறியீடு திரையில் வந்தது. போர்வையை எடுத்துவிட்டு வெறும் டிரம்மை ஓட்டினேன். அதே சத்தம்.

அங்கேயே முதல் தப்பைச் செய்தேன். அவசரப்பட்டு, தெருமுனையில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மேல்கதவு மெஷின்தான் பழக்கம். “ஷாக் அப்சார்பர் போயிருக்கும்ங்க” என்றார். இரண்டையும் மாற்றினோம், 900 ரூபாய். சத்தம் அப்படியே இருந்தது.

இதை நானே ஒரு நிமிடத்தில் சோதித்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, உள் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளியே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்து அசைந்தால் அது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பக்கம். தொட்டி நிற்க, டிரம் மட்டும் தனியாக ஆடினால் சிக்கல் பின்னால், பேரிங்கிலோ ஸ்பைடரிலோ இருக்கிறது. அடுத்து டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்று முழுக்க ‘கொர்ர்’ என்று ஒரே மாதிரி உரசினால் பேரிங். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் வரும்போது மட்டும் ‘டக்’ என்று சாய்ந்தால் ஸ்பைடரில் ஒரு கை விட்டிருக்கிறது. எங்கள் டிரம் தனியாக ஆடியது, ஒரே இடத்தில் ‘டக்’ என்றது.

ஸ்பைடர் என்பது டிரம்மின் முதுகில் இருக்கும் மூன்று கை கொண்ட அலுமினிய வார்ப்பு. நடுவில் இரும்பு ஷாஃப்ட். மூன்று கைகளின் நுனியும் ஸ்டீல் டிரம்மோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஈரத் துணியோடு டிரம் சுழலும்போது மொத்தப் பாரமும் இந்த மூன்று கைகளின் மேல்தான் வருகிறது.

ஜனவரி 29 அன்று கம்பெனி சர்வீஸிலிருந்து ஒரு பையன் வந்தார். வந்து பார்க்க மட்டும் 450, ஜிஎஸ்டி சேர்த்து 531 ரூபாய். டிரம்மை ஒரு முறை சுற்றிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “ஸ்பைடர் உடைஞ்சிருக்குங்ணா. ஆனா ஸ்பைடர் தனியா வராது. டிரம்மும் தொட்டியும் சேர்ந்து செட்டாத்தான் தருவாங்க” என்றார். எஸ்டிமேட் வரி உட்பட 18,900 ரூபாய்.

“ஏன் உடைஞ்சுது?” என்று கேட்டேன். “உப்புத் தண்ணிங்ணா” என்றார்.

கோவையில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் உப்பு, அது பாத்ரூமுக்கும் செடிக்கும். மெஷினுக்குப் போவது சிறுவாணித் தண்ணீர் நிற்கும் தொட்டியிலிருந்து. முதல் நாளே பிளம்பரிடம் சொல்லித் தனி பைப் போட்டோம். அந்தப் பைப்பை அவருக்குக் காட்டினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று, 250 ரூபாய்க்கு வாங்கியது, சமையலறையில் இருந்தது. அவர் முன்னாலேயே மெஷின் குழாயில் பிடித்துப் பார்த்தேன், 68 காட்டியது. போர் தண்ணீரில் வைத்தபோது 1,340. “இப்ப சொல்லுங்க தம்பி, எதுல உப்பு?” என்றேன்.

அவர் வாதாடவில்லை. தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சர்வீஸ் ஆப்பில் ‘பழுதின் காரணம்’ என்று ஒரு கட்டம். தொட்டால் ஒரு பட்டியல் விரிகிறது: தண்ணீரின் தரம், மின்னழுத்த ஏற்ற இறக்கம், தவறான பயன்பாடு, இயல்பான தேய்மானம், எலி அல்லது பூச்சி. அவ்வளவுதான். தயாரிப்புக் குறை என்று ஒரு வரி அதில் இல்லை. “எதையாவது ஒண்ணைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்ங்ணா. நான் என்ன பண்றது?” என்றார். நான் ‘இயல்பான தேய்மானம்’ போடச் சொன்னேன். ஸ்பைடருக்கு அதைத் தொட்டால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார் என்றார். கடைசியில் தண்ணீரின் தரம் என்றே பதிவானது.

எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் மேல்தான் கோபம். ஊர் முழுக்க ஆயிரம் ஸ்பைடர் உடைந்தாலும் கம்பெனியின் கணக்கில் அத்தனையும் வாடிக்கையாளரின் தண்ணீர், வாடிக்கையாளரின் கரண்ட், வாடிக்கையாளர் வீட்டு எலி என்றுதான் சேரும். இந்தப் பாகம் அடிக்கடி உடைகிறது என்ற தகவல், அதை வடிவமைத்தவர் மேசைக்குப் போக வழியே கிடையாது.

அப்புறம் வழக்கமான அலைச்சல். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ‘உங்கள் கவலை புரிகிறது சார்’ என்று நாலு பேர் நாலு நாள் சொன்னார்கள். வாங்கிய கடையில் “நாங்க பெட்டியை வித்தோம்ங்க, மத்ததெல்லாம் கம்பெனி” என்றார்கள். கம்பெனி மின்னஞ்சலில் “அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தை அணுகவும்” என்று பதில். சர்வீஸ் மையமோ “நாங்க ஏஜென்சி எடுத்திருக்கோம், பாலிசி கம்பெனியோடது” என்றது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பன்னிரண்டு நாளில் கம்பெனியின் பதில் வந்தது: வாரண்டி முடிந்துவிட்டது, எஸ்டிமேட்டை வாடிக்கையாளர் ஏற்கவில்லை, புகார் முடிக்கப்படுகிறது. கூடவே, புது மெஷின் வாங்கினால் 15 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு குறுஞ்செய்தி. ஏன் உடைந்தது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் யாரும் பதில் எழுதவில்லை. சரி, நானே திறந்து பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு. தேவைப்பட்டவை: 8, 10, 13, 17 அளவு பாக்ஸ் ஸ்பேனர்கள், நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மூக்குக் குறடு, ரப்பர் சுத்தியல், ஒரு மரக்கட்டை, பழைய மெத்தை விரிப்பு, போல்ட்டுகளைப் பிரித்துப் போட ஆறு டீ டம்ளர், தூக்குவதற்கு மச்சான். ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்தேன். மொத்தம் 64 படங்கள், மாட்டும்போது ஒவ்வொன்றும் உதவியது.

வரிசை இப்படி: பிளக், தண்ணீர்க் குழாய், மேல் மூடி, சோப்புப் பெட்டி, கண்ட்ரோல் பேனல். கதவு ரப்பரைப் பிடித்திருக்கும் கம்பி வளையம். முன் தகடு. தொட்டியின் மேலும் முன்னும் இருக்கும் கான்கிரீட் எடைக் கட்டிகள். இவற்றைக் கழற்றாமல் தொட்டியைத் தூக்க நினைக்கக் கூடாது, முதுகு போய்விடும். பின்பக்கம் பெல்ட், மோட்டார், ஹீட்டர் வயர். கீழே வடிகுழாய். ஷாக் அப்சார்பர் ஊசிகள். கடைசியில் தொட்டியை இரண்டு ஸ்பிரிங்கிலிருந்தும் விடுவித்து இறக்கினோம். இதற்கே மூன்றரை மணி நேரம்.

புல்லியின், அதாவது பின்னால் பெல்ட் ஓடும் சக்கரத்தின், நடு போல்ட்தான் படுத்தியது. பூட்டுப்பசை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். 17 ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி நெம்பியும் அசையவில்லை. மகளின் ஹேர் டிரையரைப் பத்து நிமிடம் காட்டிச் சூடாக்கிய பிறகு ‘பட்’ என்று விட்டது. பிறகு அதே போல்ட்டை முக்கால்வாசி திருப்பி மாட்டி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துத்தான் அடித்தேன். ஷாஃப்ட் நுனியில் நேரடியாக அடித்தால் மரை நசுங்கிவிடும்.

தொட்டியின் இரண்டு பாதிகளைச் சேர்க்கும் போல்ட்டுகள் 18. எல்லாம் கழற்றிப் பிரித்தபோது டிரம் சாய்ந்து மச்சான் கையில் விழுந்தது. ஸ்பைடரின் மூன்று கைகளில் ஒன்று அடியோடு முறிந்திருந்தது. இரண்டாவதில் பாதி அகலத்துக்கு விரிசல். உடைந்த கையை எடுத்து வெயிலில் பார்த்தேன். மேல் பரப்பு முழுக்கச் சாம்பல் வெள்ளைப் பொடி. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் பழைய சுவரில் காரை உதிர்வதுபோல உதிர்ந்தது. கையின் பின்புறம் வலுவுக்காகச் சிறு சிறு குழிகளாக வார்த்திருக்கிறார்கள். அந்தக் குழிகள் ஒவ்வொன்றிலும் நாலரை வருடத்துச் சோப்புக் கசடு, சாம்பல் நிற வெண்ணெய் மாதிரி இறுகியிருந்தது. கசடைக் குச்சியால் எடுத்தால் அடியில் அலுமினியம் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. முறிந்த இடத்தில் நல்ல உலோகம் எஞ்சியிருந்தது நடுவில் ஒரு பென்சில் கனத்துக்குத்தான்.

அடுத்து ஹீட்டரை உருவினேன். உப்புத் தண்ணீர் ஓடும் மெஷினில் ஹீட்டர் கம்பி மேல் சுண்ணாம்பு ஓடு போலப் படிந்திருக்கும். எங்களுடையது லேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். துணியால் துடைத்ததும் கம்பி பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் காரணமில்லை என்பதற்கு அதற்கு மேல் எனக்குச் சான்று தேவைப்படவில்லை. அலுமினியத்தை ஸ்டீலோடு இறுக்கி, காரமான சோப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் ஊறவிட்டால் அலுமினியம்தான் கரையும். வாஷிங் மெஷினுக்குள் சோப்புத் தண்ணீர் இருக்கும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லையே. மேலே ஒரு பூச்சு கொடுத்திருக்கலாம், கசடு தங்கும் குழிகளை மூடியிருக்கலாம். செய்யவில்லை.

பாகம் தேடியது தனிக் கதை. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. என் மெஷினுக்கு அந்த வழியாகக் கிடைத்தது சர்வீஸ் எண்ணும் வாரண்டி விதிகளும்தான், ஸ்பைடர் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் விதியில் வாஷிங் மெஷினுக்கு 10 வருடம் கிடைத்தாக வேண்டிய உதிரிப் பாகங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் டிரம், டிரம் ஸ்பைடர், பேரிங் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். செட்டாகவும் விற்கலாம் என்ற சலுகை அங்கேயும் உண்டு. ஆனாலும் ஸ்பைடர் என்ற சொல் சட்டத்துக்குள் ஏறும் அளவுக்கு இது எல்லோரும் அறிந்த பழுது. இங்கே போனில் பேசிய நாலு பேரும் அந்தப் பெயரையே முதல் முறை கேட்பதுபோலப் பேசினார்கள்.

டெல்லியில் உதிரிப் பாகம் விற்கும் ஒருவரிடம் மாடல் வரிசையைச் சொல்லி 2,350 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன், கூரியர் 180. இரண்டாவது தப்பு இதுதான். மாடல் பெயரை மட்டும் நம்பினேன். வந்த ஸ்பைடரின் ஷாஃப்ட் 6 மி.மீ. குட்டை, புல்லி உட்காரவில்லை. திருப்பி அனுப்ப 210 ரூபாய், சரியானது வந்து சேர ஒன்பது நாள். இரண்டாம் முறை வெர்னியரால் அளந்து, ஷாஃப்டின் மொத்த நீளம், பேரிங் உட்காரும் இரண்டு இடங்களின் விட்டம், நுனிப் பற்களின் எண்ணிக்கை, கை நுனியில் போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆகிய நாலையும் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். இந்த நாலு அளவும் இல்லாமல் யாரும் ஸ்பைடர் வாங்க வேண்டாம்.

பேரிங்கில் சிரமமே இல்லை. பழையதின் ஓரத்தில் எண் இருக்கும். எங்களுடையது முன்னால் 6206, பின்னால் 6205. காந்திபுரம் பக்கம் ஒரு பேரிங் கடையில் எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள், 420-ம் 310-ம். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் 180. கடைக்காரர் சீலை எடுத்து வைத்தபடியே, “ஸ்பைடருங்களா? மாசம் நாலஞ்சு பேர் வர்றாங்க” என்றார். கம்பெனி ஆப்பில் இடம் கிடைக்காத கணக்கு அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

புது ஸ்பைடரை அப்படியே மாட்ட மனம் வரவில்லை, அதுவும் அதே பூச்சில்லாத அலுமினியம்தான். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, ஷாஃப்டையும் சீல் உட்காரும் வளையத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்தேன். குழிகளுக்குள் சிறு தூரிகையால் நிரப்பினேன். 340 ரூபாய். இரண்டு முழு நாள் காயவிட்டேன். இது எத்தனை வருடம் தாங்கும் என்று போகப் போகத்தான் தெரியும். கம்பெனிக்கு மொத்தமாக அடித்தால் இதில் பாதிகூட ஆகாது.

மூன்றாவது தப்பு பேரிங் ஏற்றும்போது. பெரிய பேரிங்கை வைத்து நடுவில் இரும்புத் துண்டால் தட்டினேன். உள்ளே போனது, ஆனால் சுற்றினால் ‘கிர் கிர்’ என்று தட்டுப்பட்டது. அடி உள்வளையத்தின் வழியாகக் குண்டுகளுக்குப் போய்விட்டது. அதை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொரு 6206, மறுபடி 420. இந்த முறை பேரிங்கை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தேன். தொட்டியின் நடுக்குழியில் கொதிக்கும் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தேன். பழைய பேரிங்கை மேலே வைத்து, 12 மி.மீ. த்ரெட் ராடும் (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) இரண்டு நட்டும் பெரிய வாஷர்களும் போட்டு மெதுவாக இறுக்கினேன், 140 ரூபாய். சுத்தியல் இல்லாமல் சீராக உட்கார்ந்தது. சீலின் உதட்டில் தண்ணீர் தாங்கும் கிரீஸ், 120.

தொட்டியை மூடும்போது ரப்பர் வளையம் ஒரு இடத்தில் மடிந்ததைக் கவனிக்கவில்லை. முழுக்க மாட்டித் தண்ணீர் விட்டதும் அடியில் சொட்டியது. மறுபடி இறக்கி, வளையத்தை நேராக்கி, மடிந்த இடத்தில் 160 ரூபாய் சிலிக்கான் தடவி மூடினோம். அதற்கு ஒரு ஞாயிறு போனது. அடுத்த முறை மற்ற பாகங்களை மாட்டுவதற்கு முன் தொட்டியை மட்டும் நிமிர்த்தி வைத்து, நாலு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பார்ப்பேன்.

மொத்தச் செலவு, சர்வீஸ் பையன் வந்த 531-ம் சேர்த்து, 6,261 ரூபாய். அதில் என் தப்புகளுக்கு மட்டும் 1,530. கம்பெனி கேட்டது 18,900, அதுவும் பூச்சில்லாத அதே ஸ்பைடருக்கு. மூன்று ஞாயிறும் சில மாலைகளும் போனதற்கு நான் கணக்கு எழுதவில்லை.

பெரிய தப்பு ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்கு ரூபாயில் விலை போட முடியாது. மெஷினை நானே பிரித்தது. வேலை முடிந்த பிறகு தெரிந்த வழக்கறிஞரிடம் உடைந்த ஸ்பைடரைக் காட்டினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறைக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறதே என்று கேட்டேன். அந்தப் பகுதி, குறையுள்ள பொருளால் ஆளுக்கோ மற்ற சொத்துக்கோ கேடு வந்தால்தான் உதவும் என்றார். பொருள் தானே கெட்டுப்போனதை அந்தப் பகுதியில் கேடாகச் சேர்ப்பதில்லையாம். எங்களைப் போன்றவர்களுக்கு உள்ள வழி, குறையுள்ள பொருள், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். குறையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் ஆணையம் பொருளை முத்திரையிட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம்.

“ஆனா நீங்க பிரிச்சிட்டீங்களே. பிரிக்கும்போது நீங்கதான் உடைச்சீங்கன்னு சொல்லிடுவாங்க” என்றார். பிரிப்பதற்கு முன் பழுதை வீடியோ எடுத்திருக்க வேண்டும், கம்பெனி ஆளையே கூட வைத்துத் திறந்திருக்க வேண்டும் அல்லது திறக்காமலே விட்டிருக்க வேண்டும். 64 படங்களில் ஒன்றுகூட, டிரம் ஆடுவதைப் பிரிப்பதற்கு முன்னால் காட்டும் படம் இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். அதே ஆடி, அதே கடை, அதே மெஷின். பிழியும்போது ‘டக் டக்’ என்கிறது என்றார். இந்த முறை ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் டிரம் தனியாக ஆடுவதையும், பிறகு அவர்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் அளவையும் வீடியோ எடுத்தோம். அதற்கப்புறம்தான் கம்பெனிக்குப் போன். போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்று, குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது, 650 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். வந்தது அதே பையன். “தம்பி, ஹீட்டரை மட்டும் நீங்களே உருவிக் குடுங்க” என்று அக்கா கேட்டார். அவர் உருவினார். ஹீட்டர் இருந்த ஓட்டை வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, அக்கா டிரம்மை மெதுவாகச் சுற்றினார். முதல் கை, மேலெல்லாம் வெள்ளைப் பொடி. இரண்டாவது அதே மாதிரி. மூன்றாவதில் ஒரு கோடு, குறுக்கே, விளிம்பிலிருந்து விளிம்புக்கு.

பையன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்பைத் திறந்து தண்ணீரின் தரம் என்பதைத் தொட்டார், வேறு வழியில்லை. ஆனால் அக்கா கேட்டதும், காகித ஜாப் ஷீட்டின் பின்பக்கத்தில் ‘ஹீட்டர் சுத்தம். ஸ்பைடர் கையில் அரிப்பு, விரிசல். மெஷின் பிரிக்கப்படவில்லை’ என்று பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். ஹீட்டரை மறுபடி மாட்டி, பின் தகட்டின் ஸ்க்ரூக்கள் மேல் அவரே காகித சீல் ஒட்டிவிட்டுப் போனார்.

அக்கா கம்பெனிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், 15 நாள் கெடு. ஜாப் ஷீட்டின் இரண்டு பக்க நகலும் அதில் இருக்கிறது. என் ஸ்பைடரின் உடைந்த கை, உதிர்ந்த பொடியோடு பிளாஸ்டிக் டப்பாவில் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நேற்று ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. துணியை இப்போதைக்கு எங்கள் மெஷினில்தான் போடுகிறார்.